எடை குறைக்கும் சத்திர சிகிச்சை யாருக்குப் பொருந்தும்?

நமுனுகுல மலைச்சாரலிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அண்மையில் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பதுளையில் உயர்தர வகுப்பிற் பயிலும் ஒரு மாணவி. பெயரையும் தோட்டத்தையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருந்தார், அவ்வாறே செய்கிறோம். கடிதத்தின் சாரம் இதுதான்:

தாயாருக்கு வயது 44. முன்னர் மலையிற் கொழுந்து பறித்தவர். முழங்கால் நோவினால் அவ்வேலையை விட்டு, இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிற் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். உயரம் ஐந்தடி; எடை 92 கிலோ. எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. இரவிற் பலமாகக் குறட்டை விட்டு, மூச்சுத் திணறித் திடுக்கிட்டு எழுகிறார். கட்டாரில் வேலை செய்யும் மாமா, "இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும், கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்விப்போம், செலவு என்னுடையது" என்கிறார். தகப்பனாரோ, "நன்றாக நடமாடும் மனுஷியைக் கத்திக்குக் கொடுக்கமாட்டேன்" என்று ஒரே பிடியாய் நிற்கிறார். லயத்திலுள்ளோர் ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். "யார் சொல்வது சரி? எங்கள் அம்மாவுக்கு இந்தச் சிகிச்சை பொருந்துமா?" என்பது மாணவியின் கேள்வி.

நாம் வைத்தியரல்லர். ஆகவே பொருந்தும் என்றோ பொருந்தாது என்றோ தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை. எனினும் இத்தகைய முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதைக் குடும்பத்தவர் அறிந்துகொள்ளலாம். அதனை எழுதுவதற்கு முன் அம்மாணவிக்கு ஒரே வரியிற் பதில் எழுதினோம்: "உமது தாயார் என்ன சொல்கிறார்?" அதற்குப் பதில் வர மூன்று வாரங்களாயின. அப்பதிலைப் பின்னர் கூறுவோம்.

சோம்பல் அன்று, நோய்

தோட்டப் பகுதிகளில் மெலிவையும் இரத்தச் சோகையையும் பற்றியே நாம் நெடுங்காலம் பேசி வந்தோம். அவை இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆனால் இன்று அதே லயத்தில், சில வேளை அதே வீட்டில், மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் அருகருகே இருப்பதைக் காண்கிறோம். காலையிற் சீனி போட்ட தேநீரும் கோதுமை மா ரொட்டியும், பகலில் மீண்டும் ரொட்டி, இரவிற் சோறு. முட்டை, மீன், இறைச்சி என்பன அரிது. மலையேறி இறங்கி நாள் முழுதும் கூடை சுமந்தவரை அவ்வுணவு உடம்பிற் செலவாயிற்று. கால் ஓய்ந்தபின் அதுவே உடம்பிற் கொழுப்பாய்த் தங்கிற்று.

இவ்வாறு பருத்தவரை "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று ஏசுவது எளிது. ஆனால் ஒருமுறை கூடிவிட்ட எடையை உடம்பு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. பட்டினி கிடந்து சில கிலோ குறைத்தால், பசியைத் தூண்டும் ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கிறது. இழந்ததை மீட்க உடம்பே முயல்கிறது. ஆகவேதான் உடற் பருமனை நீடித்த நோயாக வைத்திய உலகம் இன்று கருதுகிறது. நோயென்றால் அதற்குச் சிகிச்சை கேட்பதில் வெட்கமில்லை.

எண் சொல்வது பாதிதான்

சிகிச்சை எவருக்கு என்று பார்க்கும்போது வைத்தியர்கள் முதலிற் கணிப்பது உடற் திணிவுச் சுட்டியை. எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரிற் கண்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். நமது மாணவியின் தாயாருக்கு அது ஏறக்குறைய 40 ஆகிறது.

1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, சுட்டி 40 அல்லது அதற்கு மேற்பட்டவருக்கும், கடும் இணை நோய்கள் இருப்பின் 35க்கு மேற்பட்டவருக்கும் இச்சிகிச்சையைக் கருதலாம் என்றது. ஆனால் ஆசியருக்கு, சிறப்பாகத் தென்னாசியருக்கு, அதனிலுங் குறைந்த எடையிலேயே வயிற்றிற் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு தோன்றிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இதனை 2004இல் எடுத்துக்காட்டியது. 2022இல் இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் சர்வதேச சம்மேளனமும் புதிய நெறியை வெளியிட்டன. அதன்படி பொதுவாக 35க்கு மேற்பட்டவருக்கு வேறு நோய் இல்லாவிடினும் சிகிச்சையைச் சிபாரிசு செய்யலாம்; ஆசியருக்கோ 27.5 முதலே அதனை முன்வைக்கலாம்.

எண்ணை மட்டும் பார்த்தால் அவ்வம்மையார் தகுதியுடையவரே. மாமா சொல்வதற்கு இந்த அளவில் ஆதாரமுண்டு. ஆனால் இவ்வெண் யாரைப் பரிசீலிக்கலாம் என்று மட்டுமே கூறும். யாருக்கு வெட்ட வேண்டும் என்று கூறாது.

வேறு காரணம் உண்டா?

அடுத்து, எடை ஏன் கூடியது என்று வைத்தியர்கள் தேடுவார்கள். தைரொயிட் சுரப்பி மந்தமாயிருக்கலாம். வேறு ஹோர்மோன் கோளாறு இருக்கலாம். இழுப்பு நோய்க்கோ மூட்டு நோவுக்கோ நெடுநாள் உட்கொண்ட ஸ்டீரொயிட் மருந்து காரணமாகலாம். நீரிழிவுக்கான இன்சுலினும் சில மாத்திரைகளும், மனநோய்க்குரிய சில மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடியவை. இவற்றுள் ஒன்று காரணமாயின் முதலில் அதனைச் சீர்செய்ய வேண்டும்.

குறட்டையைச் சிறு விஷயமாக எண்ணலாகாது. உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருப்பவருக்கு மயக்க மருந்து கொடுப்பது கூடிய அவதானத்துக்குரியது. அதனை முன்னரே சோதித்தறிதல் அவசியம். இரத்தச் சோகை இருப்பின் அதுவும் முன்னரே திருத்தப்பட வேண்டும். மனச்சோர்வு உண்டா, துயரம் வரும்போது அளவின்றி உண்ணும் பழக்கம் உண்டா, மது, புகையிலைப் பழக்கம் உண்டா என்றும் கேட்பார்கள். குற்றம் காண்பதற்காக இவற்றைக் கேட்பதில்லை. இருந்தால் முதலில் அவற்றுக்குச் சிகிச்சை அளித்துவிட்டுப் பின்னர் சத்திர சிகிச்சையை யோசிப்பார்கள். இளம் பெண்ணாயின், சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும் கூறுவார்கள்.

கத்தி செய்வது என்ன?

1966இல் அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் நிபுணர், இரைப்பையின் பெரும் பகுதியைத் தவிர்த்து உணவை நேரே சிறுகுடலுக்கு அனுப்பும் மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். இன்று அது வயிற்றிற் சிறு துளைகள் இட்டு, கமராவின் உதவியோடு செய்யப்படுகிறது. இன்னொரு முறையில், இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்கிவிடுகிறார்கள். வெட்டியெடுத்ததைத் திரும்ப வைக்க இயலாது. இச்சிகிச்சையால் உண்ணும் அளவு குறைவதோடு பசி ஹோர்மோன்களும் மாறுகின்றன. ஆகவே வெறும் பட்டினியாற் கிடைக்காத பயன் இதனாற் கிடைக்கிறது.

பயன் உண்மையானது. சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆராய்ச்சியொன்று, சத்திர சிகிச்சை பெற்றோரையும் பெறாதோரையுமாக 4,000க்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழக் காற்பங்கு குறைவென்று 2007இல் அறிவித்தது. அதே ஆராய்ச்சியில், நீரிழிவு இருந்தவருள் நூற்றுக்கு 72 பேருக்கு இரண்டு ஆண்டுகளின் பின் அந்நோய் தணிந்திருந்தது. ஆனால் பத்து ஆண்டுகளின் பின் பார்த்தபோது அத்தொகை 36 ஆயிற்று. எனவே "எல்லாம் சரியாகிவிடும்" என்னும் மாமாவின் சொல்லைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. பலருக்குப் பெரும் நன்மை உண்டு. எல்லாருக்கும் என்றென்றைக்கும் என்றில்லை. நீரிழிவு வந்து ஆண்டுகள் கூடக்கூட அது முற்றாகத் தணியும் வாய்ப்பும் குறைகிறது.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இச்சிகிச்சையாற் பெரும்பாலும் முழு எடையில் நாலிலொரு பங்களவு குறைகிறது. 92 கிலோ 70 கிலோ அளவில் வந்து நிற்கலாம். நோய்க்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கலியாணப் படத்திலிருந்த உருவம் திரும்புமென்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

ஆபத்தும் உண்மையானதே. நல்ல நிலையங்களில் இச்சிகிச்சையால் இறப்போர் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான். தையலிடத்திற் கசிவு, இரத்தப் பெருக்கு, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைதல் என்பன அரிதாயினும் நேரக்கூடியவை. 2024 ஏப்ரலில் சென்னைக்கு அருகே இச்சிகிச்சைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். தமிழ்நாட்டு அரசு அதுபற்றி விசாரணை நடத்தியது. எங்கே செய்விக்கிறோம், தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இரத்தம் ஆயத்தமாய் உண்டா, அம்மருத்துவக் குழு இத்தகைய சிகிச்சைகளை அடிக்கடி செய்கிறதா என்று கேட்பது அவமதிப்பாகாது. கேட்காது விடுவதே தவறு.

இப்பொழுது செமாகுளுட்டைட் போன்ற ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. அவை எடையைக் கணிசமாகக் குறைக்கின்றன. ஆனால் விலை அதிகம். ஓர் ஆராய்ச்சியில், மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையின் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. இதுவும் வைத்தியருடன் பேசவேண்டிய ஒரு வழியே.

வெட்டுவது ஒருநாள், காப்பது வாழ்நாள்

குடும்பங்கள் பெரும்பாலும் எண்ணிப் பாராத பகுதி இதுவே. சத்திர சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின்னுள்ள வாழ்வு அந்த ஆஸ்பத்திரியிலன்று, நமுனுகுலவில் நடைபெறும்.

முதல் இரு வாரம் நீராகாரம்; பின்னர் மசித்த உணவு; அதன் பின்னர் மெல்ல மெல்லத் திட உணவு. அதுவும் சிறு கிண்ணம் அளவு. நன்றாக மென்று, ஆறுதலாக. உணவோடு தண்ணீர் குடிக்கலாகாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் உள்ளது சுமார் 6 கிராம்தான். எனவே பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, பால் என்பன முதலில். ரொட்டியும் சோறும் கடைசியில். இது லயத்து அடுப்பின் வழக்கத்தைத் தலைகீழாக்கும் ஏற்பாடு. அந்த வீட்டின் வருமானத்தில் அது இயலுமா என்று முன்னரே கணக்குப் பார்க்க வேண்டும்.

இரும்புச் சத்து, கல்சியம், விற்றமின் டி, விற்றமின் பி12 ஆகியவற்றை ஆயுள் முழுதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ பெற வேண்டும். ஒழுங்காக இரத்தம் சோதிக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் அதன் பயன் பெரிதும் குறையும். தேயிலைத் தோட்டத்தார் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். முழங்கால் நோவென்று கடையில் வாங்கிப் போடும் சில வலி மாத்திரைகள், மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவருக்குக் குடற்புண்ணை உண்டாக்கும். விடாமல் வாந்தி எடுத்தால் காத்திருக்கலாகாது. விற்றமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் கெடக்கூடும்.

இலங்கையில் அரசாங்கச் சேவையில் இச்சிகிச்சை கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையிலும் செய்யப்பட்டு வந்திருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமில்லை, காத்திருக்க நேரலாம். ஆனால் வெட்டியவர் கொழும்பில், வாழ்பவர் நமுனுகுலவில். ஒவ்வொரு தவணைக்கும் இரவு பஸ்ஸில் யார் கூடப் போவது? நடுநிசியிற் காய்ச்சலும் வயிற்றுவலியும் கண்டால் என்ன செய்வது? 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஆனால் பனி மூடிய மலைப்பாதையில் அது வந்து சேரவும், பசறை வழியே பதுளைக்கு இறங்கவும் நேரம் செல்லும். மாமா வெட்டுக்குப் பணம் தருகிறார், நன்று. பத்து ஆண்டுகளின் பின் மாத்திரைக்கு யார் தருவார்?

இவற்றைக் கூறுவது அச்சமூட்டுவதற்கன்று. இவற்றுக்கு விடை உள்ள வீட்டில் இச்சிகிச்சை நன்கு பலிக்கும். விடை இல்லாத வீட்டிற் பலித்ததும் கெட்டுப்போகும்.

தாயாரின் பதில்

இனி மாணவியின் இரண்டாம் கடிதத்துக்கு வருவோம். மூன்று மாதமாக வீட்டில் வாதம் நடந்தும், தாயாரிடம் அதுவரை எவருமே கேட்கவில்லையாம். "உங்க விருப்பம்" என்று சொல்லிவிட்டுத் தாயார் குசினிக்குள் போய்விடுவதே வழக்கமாம். ஓர் இரவு மகள் தனியே இருந்து கேட்டபோது தாயார் நான்கு விஷயம் சொன்னார். மகள் அவற்றை அப்படியே எழுதியிருக்கிறார்.

"வேலைக்கு எத்தன நாள் போக முடியாது? புள்ளக் காம்பராவுல வேற ஆளப் போட்டுட்டா நா எங்க போறது?"

"நா ஒரு கரண்டிச் சோத்த வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா நீங்கள்லாம் எப்படிச் சாப்புடுவீங்க?"

"மயக்கத்துலேயே போயிருவேனோன்னு பயமா இருக்கு."

"கோயிலுக்கு ஏறயில மூணு எடத்துல ஒக்காருறேன். ஒக்காராம ஏறணும். எனக்கு வேணும்கிறது அவ்வளவுதான்."

வாசகர்களே, இந்த நான்கும் நாம் இதுவரை எழுதிய அனைத்தினும் பயனுள்ளவை. பொருத்தம் பார்க்கும் வைத்தியக் குழு அறிய விரும்புவனவும் இவையே. முதற் கேள்விக்கு விடையுண்டு: சிக்கலில்லாவிடின் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலேசான வேலைக்குத் திரும்பலாம், ஆனால் பாரம் தூக்குவதை ஆறு வாரமளவு தவிர்க்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தூக்காமல் எப்படி வேலை செய்வது? ஆகவே முன்கூட்டியே லீவு பெறுவதும், அவ்விடம் அவருக்கே மீளக் கிடைக்குமென்பதைத் தோட்ட அலுவலகத்தில் உறுதிசெய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இரண்டாவது கேள்விக்கு விடை வீட்டாரின் கையில் இருக்கிறது. அவருடைய உணவை மட்டும் மாற்றாது வீட்டின் உணவையே மாற்றினால் அவர் தனித்து உட்கார வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கும் நன்மை. மூன்றாவதை மறைக்காமல் மயக்க மருந்து நிபுணரிடம் கூற வேண்டும். குறட்டையைப் பற்றியும் அவரிடமே கூற வேண்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. அவர் மெலிந்த உடம்பைக் கேட்கவில்லை. உட்காராமற் கோயிற் படியேறுவதைக் கேட்கிறார். அதற்கு இச்சிகிச்சை வேண்டியிருக்கலாம். அல்லது நீரிழிவு மருந்தை மாற்றுதல், முழங்காலுக்கு உரிய பயிற்சி, சோகைக்கு மருந்து, சில கிலோ எடை குறைதல் ஆகியவற்றாலேயே அது கைகூடலாம். எதனால் என்பதைப் பரிசோதித்தே அறிய முடியும்.

நமது யோசனை

மாமாவுக்கு: அன்பு நல்லது, அவசரம் வேண்டாம். இது ஆறப்போடக்கூடாத அவசர சிகிச்சையன்று. முன்னேற்பாட்டில் ஆறு மாதம் சென்றாலும் அக்காலமும் சிகிச்சையே. அனுப்பவிருக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பின்னாளின் மாத்திரைக்கும் பயணத்துக்குமென ஒதுக்கி வையுங்கள்.

தகப்பனாருக்கு: நடமாடும் மனுஷி என்கிறீர்கள், அவர் படியில் மூன்று இடத்தில் உட்காருவதைக் கவனித்தீர்களா? கத்தியில் ஆபத்து உண்டு; அடங்காத நீரிழிவிலும் ஆபத்து உண்டு. அது சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் சத்தமின்றிக் கெடுக்கும். "வேண்டாம்" என்று சொல்லி ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு முடிவே. அதன் பொறுப்பும் நம்மையே சாரும்.

மகளுக்கு: ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கும். தாயார் உட்கொள்ளும் மருந்துகள், கடந்த இரத்தப் பரிசோதனைகள், ஒருவாரம் உண்டவை, இரவில் எத்தனை முறை விழிக்கிறார் என்பவற்றை எழுதும். அந்த நான்கு வாக்கியங்களையும் முதற் பக்கத்தில் எழுதும். தாயாரைப் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் நீரிழிவுக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, எடை காரணமாக மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமாயின் கொழும்புக்குக் கடிதம் பெற்றுக்கொள்ளும். வைத்தியர் "இப்போது வேண்டாம்" என்றால் அதனைத் தோல்வியாகக் கொள்ள வேண்டாம். எதைத் திருத்திக்கொண்டு வரவேண்டுமென்று கேட்டு எழுதிக்கொள்ளும்.

தாயாருக்கு: "உங்க விருப்பம்" என்று இனிச் சொல்லாதீர்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் போகிறவர் நீங்கள். வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் வாயிலிருந்தே வரவேண்டும்.

சத்திர சிகிச்சையால் ஆயினும் சரி, அஃதின்றி ஆயினும் சரி, அவ்வம்மையார் உட்காராமற் கோயிலுக்கு ஏறிய செய்தியை மாணவி எழுதுவார் என்று காத்திருக்கிறோம். எழுதினால் இப்பகுதியில் வெளியிடுவோம்.